வேகமா மூச்சு விட்டுட்டு முங்கினா கூட நேரம் தாங்குது, ஆனா மீட்டர்ல அதே 98தான் காட்டுது. எப்படி?

களக்காட்டான்:
வணக்கம் மக்களே. பரீட்சை லீவு விட்டதுல இருந்து எங்க பக்கம் வாழைத்தோட்டத்துக் கிணறு எல்லாத்துலயும் பயலுவ கூட்டம்தான். என் அக்கா மகனும் அதுல ஒருத்தன். யாரு ரொம்ப நேரம் தம் கட்டித் தண்ணிக்குள்ள கிடக்கான்னு பந்தயம் வைக்கானுவ. தண்ணி பாய்ச்சப் போன இடத்துல நின்னு பாத்தேன். சாடுததுக்கு முன்னால கிணத்துப் படியில உக்காந்து, புஸ்ஸு புஸ்ஸுன்னு வேக வேகமா மூச்சை இழுத்து இழுத்து விடுதான். அப்படிச் செய்யாம முங்குதவன் சீக்கிரம் மேல வந்துருதான். செஞ்சுட்டு முங்குதவன் நல்லாவே தாங்குதான். கேட்டா, "ரத்தத்துல ஆக்ஸிஜனை ஃபுல்லா ஏத்திக்கிட்டுப் போறோம் மாமா"ங்கான்.

கொரோனா நேரத்துல வாங்குன, ரத்தத்துல ஆக்ஸிஜன் நூத்துக்கு எவ்வளவுன்னு காட்டுற விரல் மீட்டர் வீட்ல கிடந்தது. அவன் விரல்லயே மாட்டிப் பாத்தேன். சும்மா இருக்கையில 98. வேகமா மூச்சு விட்டப்புறமும் 98, கொஞ்ச நேரம் 99. ஆக்ஸிஜன் கூடவே இல்லையே, அப்ப கூடுதல் நேரம் எங்கேருந்து வருது? இதுல ஆபத்து உண்டா? அவன் பன்னெண்டாப்பு பயாலஜி எழுதியிருக்கான். சும்மா "செய்யாதல"ன்னா கேக்க மாட்டான், காரணம் சொல்லணும். தெரிஞ்சவங்க விவரமா எழுதுங்க.

ஹைகிரவுண்ட் வாத்தியார்:
அண்ணாச்சி, முதல்ல அந்தப் பந்தயத்தை நிப்பாட்டுங்க. விளக்கத்தை அப்புறம் படிச்சுக்கிடலாம். நல்லா நீச்சல் தெரிஞ்ச பையன்களே சத்தமில்லாம தண்ணிக்குள்ள மயங்கிப் போறது பெரும்பாலும் இப்படித்தான்.

நீங்க கேட்ட கேள்வி ரொம்பச் சரியான கேள்வி. மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் நடத்துறேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

மீட்டர் பொய் சொல்லலை. ரத்தத்துல ஆக்ஸிஜன் போறது ரெண்டு விதமா. ஒண்ணு, நீர்ப்பகுதியில கரைஞ்சு போறது. 100 மில்லி ரத்தத்துல அப்படிக் கரையுறது 0.3 மில்லிதான், அதை வச்சு யாரும் உயிர் வாழ முடியாது. இன்னொண்ணு, சிவப்பணுவுக்குள்ள இருக்கிற ஹீமோகுளோபின்ல ஒட்டிக்கிட்டுப் போறது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லி ஆக்ஸிஜனைப் பிடிக்கும். 100 மில்லி ரத்தத்துல 15 கிராம் ஹீமோகுளோபின் இருந்தா, 20 மில்லி ஆக்ஸிஜன். மொத்தக் கணக்கும் இதுலதான் இருக்கு. சாதாரணமா மூச்சு விடும்போதே அதுல நூத்துக்கு 97, 98 இடம் நிரம்பிருது. வேகமா மூச்சு விட்டா நுரையீரல்ல நிக்கிற காத்துல ஆக்ஸிஜன் பங்கு கொஞ்சம் கூடும், உண்மைதான். ஆனா கை காலை அடிச்சு நீந்துற உடம்பு அதைச் சில வினாடியில செலவழிச்சுரும்.

அப்ப மிச்ச நேரம் எங்கேருந்து வருது? வேக மூச்சுல ஆக்ஸிஜன் ஏறலை, கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிருது. அதுதான் விஷயமே. மூச்சு முட்டுதுங்கிற அந்தத் தவிப்பு வர்றது பெரும்பாலும் ஆக்ஸிஜன் குறைஞ்சதால இல்லை, கார்பன் டை ஆக்சைடு கூடினதால. ரத்தத்துல அதோட அழுத்தம் 40 மி.மீ. பாதரசம் இருக்கும். தம் கட்டும்போது அது 50-ஐ நெருங்கையில தாங்க முடியாமப் போயி வாயைத் திறந்துருவோம். வேகமா மூச்சு விட்டு அதை 20, 25-க்கு இறக்கிட்டு முங்கினா, மறுபடி 50-க்கு ஏறி வர ரொம்ப நேரம் ஆகும். அந்த நேரம் பூரா ஆக்ஸிஜன் குறைஞ்சுக்கிட்டே இருக்கும். பையனுக்கு ஒண்ணும் தெரியாது, சுகமாத்தான் இருக்கும். தவிப்பு வர்றதுக்கு முன்னாலயே மூளைக்கு ஆக்ஸிஜன் பத்தாம நினைவு போயிரும். நினைவு போனதும் உடம்பு தானா மூச்சை இழுக்கும், உள்ள போறது தண்ணி.

1961-ல ஆல்பர்ட் கிரெய்க்னு ஒரு அமெரிக்க உடலியங்கியலாளர், நீச்சல்காரங்க தண்ணிக்குள்ள நினைவிழக்கிற காரணத்தை ஆராய்ஞ்சு இதையேதான் எழுதினார். பிழைச்சு வந்தவங்க பல பேருக்குக் கடைசியில என்ன நடந்ததுன்னே ஞாபகம் இல்லை.

பேட்டை செவிலி:
வாத்தியார் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கிடுதேன். விரல் மீட்டர் காட்டுறது அந்த வினாடிக் கணக்கு இல்லை. நுரையீரல்ல நடக்கிறது விரலுக்கு வந்து சேர அரை நிமிஷம்கூட ஆகும். அதனால "மீட்டர மாட்டிக்கிட்டே தம் கட்டுதேன், குறைஞ்சா விட்டுருதேன்"னு யாரும் கிளம்பிர வேண்டாம்.

வண்ணாரப்பேட்டை யோகா:
ஒரு சின்ன மாற்றுக்கருத்து. பல வருஷமா பிராணாயாமம் செய்றேன், சொல்லியும் கொடுக்கிறேன். வேகவேகமா மூச்சை வெளிய தள்ளுற கபாலபாதி செய்து முடிச்சதும் தலை லேசாகி, உடம்பெல்லாம் ஜிவ்வுனு ஒரு புத்துணர்ச்சி வரும். ஆக்ஸிஜன் கூடாம அது எப்படி வரும்? நம்ம முன்னோர் அறியாமலா இதைச் சொல்லி வச்சாங்க?

ஹைகிரவுண்ட் வாத்தியார்:
அண்ணாச்சி, பிராணாயாமத்துல எனக்கும் மதிப்பு உண்டு. மெதுவா, நீளமா மூச்சு விடுறது மனசை அமைதிப்படுத்துறதை நானே பாத்திருக்கேன். ஆனா வேக மூச்சுல வர்ற அந்த ஜிவ்வுக்குக் காரணம் வேற. கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சா மூளைக்குப் போற ரத்தக்குழாய்கள் சுருங்கும். அதோட அழுத்தம் ஒரு மி.மீ. குறைஞ்சாலே மூளை ரத்த ஓட்டம் நூத்துக்கு மூணு, நாலு பங்கு குறையும். தலை லேசாகிறது அதனாலதான். அதே நேரம் ரத்தம் காரத்தன்மைப் பக்கம் சாயும், அதுல தனியா உலவுற கால்சியம் குறையும். விரல் நுனியும் உதட்டோரமும் மதமதன்னு ஆகுறது அதனால. பாய் விரிச்சுத் தரையில உக்காந்து அளவாச் செய்றவங்களுக்கு இதுல பெரிய கேடு இல்லை. செஞ்ச கையோட தண்ணியில இறங்கினா கேடு. உங்ககிட்ட கத்துக்கிட வர்ற பிள்ளைகளுக்கு இதை மட்டும் கண்டிப்பாச் சொல்லிருங்க.

வண்ணாரப்பேட்டை யோகா:
சொல்லிருதேன் சார். எங்க வகுப்புல தாமிரபரணிக்குக் குளிக்கப் போற பிள்ளைங்க நிறைய உண்டு. குறுக்குத்துறையில குளிச்சுட்டு நேரா வகுப்புக்கு வர்றவங்களும் இருக்காங்க, வகுப்பு முடிச்சு ஆத்துக்குப் போறவங்களும் இருக்காங்க.

களக்காட்டான்:
மாமா போன்ல நான்தான் எழுதுறேன், அந்த மருமகன். சார் எழுதினதைப் படிச்சேன். ரெண்டு சந்தேகம். ஆக்ஸிஜன் குறையுறதைக் கண்டுபிடிக்க உடம்புல ஒண்ணுமே இல்லையா? புத்தகத்துல கரோட்டிட் பாடின்னு படிச்சிருக்கேன். ரெண்டாவது, ஹீமோகுளோபின் அவ்வளவு இறுக்கமா நூத்துக்கு 98 பிடிச்சு வச்சிருந்தா, தசைக்கு வந்ததும் எப்படி விட்டுக்கொடுக்குது? பிடிக்க வேண்டிய இடம், விட வேண்டிய இடம் அதுக்கு எப்படித் தெரியும்?

ஹைகிரவுண்ட் வாத்தியார்:
வாங்க தம்பி. கேட்டதுல ரொம்ப சந்தோஷம்.

கரோட்டிட் பாடி இருக்கு. கழுத்துல மூளைக்குப் போற தமனி ரெண்டாப் பிரியுற இடத்துல, சில மில்லிமீட்டர் அளவு. ரத்தத்துல ஆக்ஸிஜன் குறையுறதை உணர்ற முக்கியமான இடம் அது. அதைக் கண்டு சொன்ன பெல்ஜியம் நாட்டு கார்னெய் ஹேமன்ஸுக்கு 1938-ம் வருஷத்துக்கான நோபல் பரிசு கிடைச்சது. ஆனா அது ஆக்ஸிஜன் அழுத்தம் 100-ல இருந்து 60-க்கு இறங்குற வரைக்கும் பெருசா அலட்டிக்காது. அதுக்குக் கீழ போனாத்தான் வேகமாத் துடிக்கும். அதுலயும், கார்பன் டை ஆக்சைடு குறைவா இருக்கும்போது அதோட குரல் இன்னும் மங்கிரும். நீங்க படியில உக்காந்து மூச்சு விடும்போது ரெண்டு காவலையும் ஒண்ணாத்தான் தளர்த்துறீங்க.

மூச்சை நிமிஷத்துக்கு நிமிஷம் நடத்துறது மூளையோட அடிப்பகுதியில இருக்கிற முகுளம். அதோட அடிப்பக்கம் இருக்கிற செல்கள் அமிலத்தை உணரும். ரத்தத்துல இருந்து கார்பன் டை ஆக்சைடு மூளையைச் சுத்தியிருக்கிற திரவத்துக்குள்ள நுழைஞ்சு, தண்ணியோட சேந்து கார்பானிக் அமிலமா மாறும். அமிலம் துளி கூடினாலும் மூச்சு வேகமாகும். கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் ஒரு மி.மீ. கூடினா நிமிஷத்துக்கு ரெண்டு மூணு லிட்டர் காத்து அதிகமா உள்ள போகும், அவ்வளவு நுணுக்கம். இதை முதல்ல தெளிவாக் காட்டினவங்க ஹால்டேனும் பிரீஸ்ட்லியும், 1905-ல. நுரையீரல் காத்துல கார்பன் டை ஆக்சைடு அளவு மாறாம இருக்கிற மாதிரித்தான் உடம்பு மூச்சை ஓட்டுதுன்னு காட்டினாங்க.

ரெண்டாவது கேள்வி இன்னும் அழகு. ஹீமோகுளோபினுக்கு இடமெல்லாம் தெரியாது, அழுத்தம்தான் தெரியும். மடையைத் திறந்தா தண்ணி பள்ளத்தைப் பாத்து ஓடுற மாதிரி, வாயு அழுத்தம் கூடின இடத்துல இருந்து குறைஞ்ச இடத்துக்குத்தான் போகும். நுரையீரல்ல ஆக்ஸிஜன் அழுத்தம் 100, சும்மா இருக்கிற தசையில 40. அந்த 40-ல ஹீமோகுளோபின் நூத்துக்கு 75 வரைக்கும் பிடிச்சுக்கிட்டு, கால்வாசியை இறக்கி விட்டுரும். ஓடும்போது தசையில அழுத்தம் 20-க்கும் கீழ போகும், அப்ப பாதிக்கு மேல இறக்கிரும்.

இது ஒரே சீராக் குறையாது, அதுதான் சூட்சுமம். ஒரு ஹீமோகுளோபின்ல நாலு துண்டு, துண்டுக்கு ஒரு இரும்பு அணு. முதல் ஆக்ஸிஜன் ஒட்டுறது கஷ்டம். ஒட்டிட்டா முழு மூலக்கூறோட வடிவமே மாறி அடுத்தடுத்து ஒட்டுறது லேசாகும், ஒண்ணு கழண்டா மத்ததும் லேசாக் கழலும். மேக்ஸ் பெருட்ஸ் இருபது வருஷத்துக்கு மேல எக்ஸ் கதிர் படங்களோட மல்லுக்கட்டி அந்த வடிவத்தைக் கண்டுபிடிச்சார், 1962-ல நோபல் வாங்கினார். இதனாலதான், எந்த ஆக்ஸிஜன் அழுத்தத்துல ஹீமோகுளோபின் எவ்வளவு நிரம்பியிருக்குன்னு காட்டுற வரைபடத்துல கோடு மேல தட்டையாவும், நடுவுல சரிவாவும் இருக்கு. நம்ம அகத்தியர் மலை உச்சி 1868 மீட்டர், அங்க காத்தழுத்தம் கடல்மட்டத்துல உள்ளதுல கிட்டத்தட்ட அஞ்சுல நாலு பங்குதான். ஆனாலும் ஆரோக்கியமான ஆளு விரல்ல மீட்டர மாட்டினா தொண்ணூறுக்கு மேலதான் காட்டும். தட்டையான பகுதி காப்பாத்துது. சரிவுல இறங்கிட்டா பிறகு அழுத்தம் கொஞ்சம் குறைஞ்சாலும் மளமளன்னு விழும். தண்ணிக்குள்ள கடைசி சில வினாடியில நடக்கிறது அந்தச் சரிவுதான்.

இன்னொண்ணையும் பாருங்க. வேலை செய்ற தசையில கார்பன் டை ஆக்சைடும் அமிலமும் சூடும் கூடும். அந்த மூணுமே ஹீமோகுளோபினோட பிடியைத் தளர்த்தும். இதுல கார்பன் டை ஆக்சைடோட பங்கை 1904-ல சொன்னவர் டென்மார்க் உடலியங்கியலாளர் கிறிஸ்டியன் போர். வேக மூச்சுல கார்பன் டை ஆக்சைடைக் கழிச்சுட்டா, பிடி இறுகும். மூளைக்கு ரத்த ஓட்டம் குறையும், வர்ற ரத்தமும் ஆக்ஸிஜனை விடத் தயங்கும். "ஃபுல்லா ஏத்திக்கிட்டுப் போறோம்"னு நீங்க நினைக்கிறதுக்கு நேர் எதிர்.

களக்காட்டான்:
அதே மருமகன்தான். புரிஞ்சது சார். ஆனா எங்கள்ல ஒருத்தன் உள்ள இருக்கும்போது நல்லாத்தான் இருந்தான், மேல வரும்போதுதான் கண்ணு இருட்டிட்டு வந்துச்சுன்னான். மேல வந்தா சரியாகத்தானே செய்யணும்?

ஹைகிரவுண்ட் வாத்தியார்:
தம்பி, இதை உங்க கூட்டாளிகள் எல்லாருக்கும் காட்டுங்க. முப்பது அடித் தண்ணிக்குக் கீழ அழுத்தம் மேல உள்ளதுல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. நெஞ்சு அமுங்கி, நுரையீரல்ல மிச்சம் இருக்கிற ஆக்ஸிஜனோட அழுத்தமும் ரெண்டு மடங்காகும். அதனால அடியில கிடக்கும்போது ரத்தத்துக்கு ஆக்ஸிஜன் போய்க்கிட்டே இருக்கும். மேல ஏற ஏற அந்த அழுத்தம் பாதியாக் குறையும். ஏற்கெனவே முக்கால்வாசி தீந்துபோன ஆக்ஸிஜன் அது, திடீர்னு ரத்தத்துக்கு வர்றதுக்குப் பதிலா ரத்தத்துல இருந்து நுரையீரலுக்கே திரும்பக்கூட ஆரம்பிக்கும். அதனாலதான் நிறைய பேரு தண்ணி மட்டத்துக்குக் கைநீட்டுற தூரத்துல மயங்குறாங்க. உங்க கூட்டாளிக்குக் கண்ணு இருட்டினதை லேசா எடுத்துக்காதீங்க, இன்னும் ரெண்டு வினாடி கூட இருந்திருந்தா அவன் மேல வந்திருக்க மாட்டான்.

முத்துநகர்:
தூத்துக்குடியில இருந்து எழுதுதேன். 1986 வரைக்கும் நாங்களும் நெல்லை ஜில்லாதான், அதனால உரிமையோட வாரேன். எங்க தாத்தா காலத்துல முத்துக்குளிக்கப் போனவங்க கல்லைக் கட்டி இறங்குவாங்க, படகுல ஒருத்தர் கயித்தைப் பிடிச்சுக்கிட்டே நிப்பாரு. உள்ள இருக்கிறது ஒரு நிமிஷத்தை ஒட்டித்தான். கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961. அதுக்கப்புறம் சங்கு குளிக்கிறவங்கதான். அவ்வளவு பழகினவங்களே தனியா இறங்க மாட்டாங்க, கயித்துக்காரரு கண்ணை எடுக்க மாட்டாரு. கிணத்துல பயலுவ சாடும்போது மேல நிக்கிறவன் என்ன செய்யுதான்? செல்போன்ல வீடியோல்லா எடுக்கான். இதை நெனச்சாலே எனக்குப் பதறுது.

அம்பை பெரியவர்:
கிணத்துப் பேச்சு வந்ததால நானும் சொல்லணும். எங்க பக்கம் தூர் வார இறங்குததுக்கு முன்னால அரிக்கேன் விளக்கைக் கயித்துல கட்டி இறக்குவோம். அணைஞ்சா இறங்கக் கூடாது. வேப்பங்குலையைக் கட்டி மேலயும் கீழயும் அலசி, தண்ணியை வாரி இறைச்சு, மறுபடி விளக்கை விட்டுப் பாப்போம். இப்போ உள்ள ஆளுவ விளக்கும் இல்லை, கயிறும் இல்லை, நேரா ஏணியைச் சாத்தி இறங்கிருதானுவ. ஒருத்தன் விழுந்தா அவனைத் தூக்க அடுத்தவன், அவனைத் தூக்க மூணாமத்தவன்னு போயிருதானுவ. உள்ள இறங்கினவன் ஏன் ஒரு சத்தம்கூடக் கொடுக்காம விழுதான்னு எனக்கு இந்த வயசு வரைக்கும் விளங்கினதே இல்லை. வாத்தியார் சொல்லுங்க.

ஹைகிரவுண்ட் வாத்தியார்:
ஐயா, அதுவும் இதே கதைதான், அதனாலதான் நீங்க கேட்டது ரொம்ப முக்கியம். பாழடைஞ்ச கிணத்துல இலை தழை மக்கி ஆக்ஸிஜனைத் தின்னுரும். கரியமில வாயு, அதான் கார்பன் டை ஆக்சைடு, அங்கேயே தேங்கியிருந்தா, இறங்கினவனுக்கு உடனே மூச்சு வாங்கும், தலை கனக்கும், அவன் சுதாரிக்க ஒரு வாய்ப்பு உண்டு. ஆக்ஸிஜன் மட்டும் குறைஞ்ச காத்தா இருந்தா அந்த வாய்ப்பே இல்லை. உள்ள மூச்சு நல்லாப் போய்வருது, கரியமில வாயு வழக்கம்போல வெளிய போயிருது, முகுளம் திருப்தியா இருக்கு. தவிப்பே வராது. காத்துல 21 பங்கு இருக்க வேண்டிய ஆக்ஸிஜன் 10-க்குக் கீழ போயிருந்தா சீக்கிரமே நினைவு தப்பும், இன்னும் குறைஞ்சா நாலஞ்சு மூச்சுலயே ஆள் விழுந்துருவான்.

விளக்கு ஏறக்குறைய 16 பங்குல அணையும், அதனால பெரியவங்க முறைக்கு அர்த்தம் இருக்கு. ஆனா சாக்கடை, செப்டிக் டேங்க் பக்கம் தீயைக் கொண்டு போகவே கூடாது, மீத்தேன் இருந்தா வெடிக்கும். அங்க ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கும். முதல்ல அழுகின முட்டை நாத்தம் வரும், அளவு கூடினா மூக்கே மரத்துப்போய் நாத்தம் தெரியாது. அது ஹீமோகுளோபினைத் தொடுறதைவிட மோசமான காரியம் செய்யும். ரத்தம் ஒழுங்கா ஆக்ஸிஜனைக் கொண்டு போய்ச் சேத்தாலும் செல்லு அதைப் பயன்படுத்த முடியாம முடக்கிரும். ஆளை இறக்கிக் கழிவுத்தொட்டி சுத்தம் செய்றதைத் தடுக்கிற சட்டம் 2013-ல வந்தது. இன்னமும் இறக்குறவங்களை என்னால மன்னிக்க முடியலை.

பேட்டை செவிலி:
மீட்டரைப் பத்தி நானும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா எங்க பக்கம் அதை வச்சே எல்லாரும் முடிவெடுக்காங்க. பீடி சுத்துற அக்கா ஒருத்தங்க மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு வந்தாங்க. வீட்டு மீட்டர்ல 99, "ஆக்ஸிஜன் நல்லாத்தான் இருக்கு"ன்னு வீட்ல சொல்லி இழுத்தடிச்சிருக்காங்க. கண் இமையைக் கீழ இழுத்துப் பாத்தா வெளுத்துக் கிடக்கு, ஹீமோகுளோபின் 7 கிராம். வாத்தியார் சொன்ன கணக்குல போட்டுப் பாருங்க. 15 கிராமுக்கு 20 மில்லி, 7 கிராமுக்கு ஒன்பது சொச்சம்தான். இருக்கிற ஹீமோகுளோபின் எல்லாம் நிரம்பியிருக்குன்னுதான் மீட்டர் சொல்லுது, எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்குன்னு அது சொல்லாது. கரோட்டிட் பாடியும் அழுத்தத்தைத்தான் பாக்குது, அளவை இல்லை, அதனால சும்மா உக்காந்திருக்கையில அந்த அக்காவுக்கு ஒரு சங்கடமும் இல்லை.

பொகை பிடிச்சவங்களுக்கும், அடைச்ச ரூம்ல கரி மூட்டித் தூங்குறவங்களுக்கும் இன்னும் மோசம். கார்பன் மோனாக்சைடு ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல இறுக்கமா ஹீமோகுளோபினைப் பிடிக்கும். விரல் மீட்டருக்கு அந்தச் சிவப்பும் ஒண்ணுதான், இந்தச் சிவப்பும் ஒண்ணுதான், 98-னு காட்டிக்கிட்டு இருக்கும். நகச்சாயம், குளிர்ந்த விரல், கறுத்த தோல் இதெல்லாமும் கணக்கைக் கொஞ்சம் மாத்தும்.

வருஷக்கணக்காப் பீடி குடிச்சு நுரையீரல் கெட்ட தாத்தாமார் வீட்ல இருந்தா ஒரு வார்த்தை. மீட்டர்ல 89 காட்டுதேன்னு சிலிண்டரை நீங்களாத் திறந்து விடாதீங்க. அவங்களுக்கு 88-ல இருந்து 92 வரைக்கும்தான் வைக்கச் சொல்லுவோம். அளவுக்கு மிஞ்சி ஆக்ஸிஜன் கொடுத்தா உள்ள கார்பன் டை ஆக்சைடு ஏறி மயக்கத்துக்குப் போயிருவாங்க. டாக்டர் எழுதின அளவுதான் அளவு.

களக்காட்டான்:
இப்ப நான்தான், மாமா. பையன் நேத்து ராத்திரி முழுக்கப் படிச்சுட்டு, அவன் கூட்டாளி எல்லாருக்கும் அனுப்பியிருக்கான். வேக மூச்சு விடுறது கிடையாது, தனியா முங்குறது கிடையாதுன்னு அவனுவளே பேசி வச்சிருக்கானுவ. கிணத்துக்கு டிராக்டர் டியூப் ஒண்ணும் நைலான் கயிறு ஒண்ணும் நான் வாங்கிப் போட்டுட்டேன். ஒண்ணே ஒண்ணு சிஸ்டர். யாராவது ஒருத்தன் மயங்கி, தூக்கி மேல போட்டாச்சுன்னு வைங்க. எங்க ஊர்ல தலைகீழாப் பிடிச்சுச் சுத்துவாங்க, வயித்தை அமுக்கித் தண்ணி எடுப்பாங்க. அது சரியா?

பேட்டை செவிலி:
ரெண்டுமே வேண்டாம் அண்ணாச்சி. வயித்தை அமுக்கினா உள்ள இருக்கிறது வாந்தியா வந்து நுரையீரலுக்குள்ள இறங்கும், சுத்துறதுல நேரம்தான் போகும். மல்லாக்கப் படுக்க வச்சு, தட்டிக் கூப்பிட்டுப் பாருங்க, நெஞ்சு ஏறி இறங்குதான்னு பாருங்க. ஒருத்தர் 108-க்குப் போன் போடட்டும். மூச்சு இல்லைன்னா தலையைப் பின்னால சாய்ச்சு, தாடையைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, வாயோட வாய் வச்சு முதல்ல ரெண்டு தடவை காத்தை ஊதுங்க. நெஞ்சு எழும்புறது கண்ணுக்குத் தெரியணும். மாரடைப்புல விழுந்தவருக்கு ரத்தத்துல ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கும், நெஞ்சை மட்டும் அமுக்கினாலும் கொஞ்ச நேரம் ஓடும். தண்ணியில விழுந்தவனுக்கு ரத்தத்துல ஆக்ஸிஜனே தீந்துதான் இதயம் நின்னிருக்கும், அதனால மூச்சு கொடுக்காம அமுக்கிப் பிரயோஜனம் குறைவு. ஊதின பிறகும் அசைவில்லைன்னா நெஞ்சு நடுவுல கையை வச்சு வேகமா முப்பது தடவை அமுக்கி, ரெண்டு தடவை ஊதி, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் மாறி மாறிச் செய்யுங்க.

எழுந்து உக்காந்து பேசிட்டாலும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிராதீங்க. உள்ள போன தண்ணியால சில மணி நேரம் கழிச்சு நுரையீரல் வீங்கி மூச்சுத் திணற வாய்ப்பு இருக்கு. ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி பாத்துட்டுத்தான் அனுப்பணும். பையன்கள் அஞ்சாறு பேரைச் சேத்து வச்சீங்கன்னா, லீவு நாள்ல நான் களக்காட்டுக்கே வந்து பொம்மையில செஞ்சு காட்டுதேன். எந்த ஞாயித்துக்கிழமைன்னு மட்டும் சொல்லுங்க.